கிணற்றடியில் புதைத்த உறுதி

எதைப் பற்றியது

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் (பத்திரங்களை எழுதிச் சான்றுபடுத்துபவர்) முப்பது வருடத்துக்குக் கிட்டக் கிளாக்காக இருப்பவன். உறுதி, அதாவது காணிப் பத்திரம் எழுதுவது, கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) காணிப் பதிவகத்துக்கும் நடப்பது, சேவயரைக் கூட்டிக்கொண்டு வளவு வளவாகத் திரிவது, இதுதான் வேலை. யுத்தம் முடிந்தபின் கந்தோருக்கு வந்தவர்களில் பலர் கதிரையில் இருக்கும்போதே சொல்லும் முதல் வசனம் ஒன்றுதான்: "உறுதி துலைஞ்சு போச்சு." அந்த வசனத்துக்குப் பின்னால் என்னென்ன கிடக்கும் என்று காட்ட ஒரு குடும்பத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, ஊரும் 'கோண்டாவில் பக்கம்' என்பதோடு நிற்கும். நான் பிழைவிட்ட இடமும் இதில் இருக்கிறது.

பின்னணி

தகப்பன் தோட்டக்காரர். செம்மண் காணி, புகையிலை, வெங்காயம், இடையில் மரவள்ளி. தாய், மூத்த மகள், மகன், இளைய மகள். முன்னால் வீடும் கிணறுமாக ஆறு பரப்பு வளவு, அதன் பின்னால் எட்டுப் பரப்புத் தோட்டம். (வெளியூர் ஆட்களுக்கு: பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்.) 1993இல் மூத்த மகளின் கலியாணத்தோடு வீட்டு வளவு சீதன உறுதியாகப் போனது. தோட்டம் மகனுக்கு. அதை 1995 பெப்ரவரியில் நன்கொடை உறுதியாக முடித்தார்கள், தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை காணியை ஆளும் உரிமை) வைத்து. இந்தச் சீவிய உரித்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

ஏன் சரியாக அந்த மாதம் என்றால், அப்போது சண்டை நின்றிருந்தது. 1983 யூலை 23 திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் இறந்ததும், அதைச் சாட்டிக் கொழும்பில் தமிழரை வெட்டியதும் எரித்ததும் தொடக்கம் என்று வைத்தால், அதற்கிடையில் எங்கள் ஊர் எத்தனையோ சண்டையைப் பார்த்துவிட்டது. 1987இல் வடமராட்சி நடவடிக்கை, யூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தம், ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடும் சண்டை, 1990 மார்ச்சில் அவர்கள் போக, யூனில் திரும்பவும் வெடித்தது. அதிலிருந்து ஐந்து வருடம் மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெயும் பஞ்சுமாக ஒரு விளக்கு, சைக்கிள் டைனமோவில் றேடியோ. 1995 ஜனவரி 8 யுத்த நிறுத்தம் வந்தபோது, நிற்கிற நேரத்தில் எழுத வேண்டியதை எழுதிவிடுவோம் என்று ஆட்கள் கந்தோருக்கு வரத் தொடங்கினார்கள். இந்தத் தகப்பனும் அப்படித்தான் வந்தவர். அப்போது எனக்கு அவரைத் தெரியாது, கந்தோரும் வேறு. எழுதிய நொத்தாரிசு பிறகு காலமாகிவிட்டார்.

சமாதானம் ஏப்ரல் 19 வரைதான். அன்று திருகோணமலையில் கடற்படைக் கலங்கள் தாக்கப்பட்டன. யூலை 9 நவாலியில் தேவாலயத்தின் மீது விமானப்படை குண்டு போட்டது, ஒதுங்கியிருந்த சனம் நூற்றுக்கு மேல் செத்தது. அந்தச் செய்தி கேட்ட இரவு தகப்பன் காணிப் பத்திரங்களை றங்குப்பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாகக் கட்டி வைத்தார் என்று இளைய மகள் சொல்கிறார்.

1995 ஒக்ரோபர் 30

ஒக்ரோபர் 17 இராணுவம் வலிகாமத்துக்குள் (குடாநாட்டின் மேற்குப் பகுதி, எங்கள் பக்கம்) 'ரிவிரெச' நடவடிக்கையைத் தொடங்கியது. 30ஆம் திகதி திங்கட்கிழமை பின்னேரம் புலிகளின் ஒலிபெருக்கி வண்டி வந்தது. வலிகாமத்தை விட்டு எல்லாரும் உடனே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போக வேண்டும். இருக்கலாமா என்று கேட்க இடமே இல்லை.

தகப்பன் அந்த நேரம் சொன்னதை இளைய மகள் இன்றைக்கும் மறக்கவில்லை. அவருக்கு அப்போது 15 வயது. "சோனகதெருச் சனத்துக்கும் இதே மாதம் இதே திகதிதான்." 1990 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள், பலரிடமிருந்து நகையையும் காசையும் பறித்துவிட்டுத்தான் விட்டார்கள். தகப்பனுக்குச் சோனகதெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு சிநேகிதர் இருந்தார். அவருக்கு நடந்ததைப் பார்த்தவர் என்பதால், பத்திரத்தை உடம்போடு கொண்டுபோனால் வழியில் யாராவது பறிப்பார்கள், மழையில் நனையும், புதைப்பதுதான் சரி என்று முடிவெடுத்தார். நான் இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பால்மா ரின் ஒன்று. உள்ளே பொலித்தீன் பையில் தோட்டத்து உறுதி, சீதன உறுதியின் மூலம், பழைய அளவைப் படம், மகனின் சாதாரண தரச் சான்றிதழ். பூச்சி அரிக்காமல் ஒரு பிடி வேப்பிலை. மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றினார்கள். கிணற்றடியில் துவைக்கிற கல்லை அடையாளமாக வைத்து வெட்டி மகன் புதைத்தான், தகப்பன் லாந்தர் பிடித்தார். தாயும் இளைய மகளும் சைக்கிளில் அரிசியும் உடுப்பும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகளும் புருசனும் முன்கூட்டியே கிளாலிக் கடலால் வன்னிக்குப் போய்க் கொழும்பு சேர்ந்துவிட்டார்கள். ஆக, சரியான இடம் தெரிந்தது இரண்டு பேருக்கு மட்டும்.

செம்மணியால் நாவற்குழிப் பாலம் வரை சைக்கிளில் மற்ற நாளென்றால் முக்கால் மணித்தியாலம். அன்று விடிய விடிய நடந்தார்கள். மழை. பின்னால் வருகிறவரின் மூச்சு கழுத்தில் படும் அளவுக்கு நெருக்கம், ரக்ரர், மாட்டுவண்டி, கதிரையில் வைத்துத் தூக்கிய கிழவி, கயிற்றில் ஆடு. நாலைந்து லட்சம் சனம் அந்த நாட்களில் இடம்பெயர்ந்தது என்பார்கள். ஓரிடத்தில் தாயின் ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. குனிந்து எடுக்கவில்லை, குனிந்தால் மிதித்துவிடுவார்கள் என்று மற்றதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

தென்மராட்சி, திரும்பி வருதல்

மீசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பம். தகப்பனுக்குச் சீனி வருத்தம். மருந்து கிடைத்தும் கிடைக்காமலும் இழுத்து, 1996 ஜனவரியில் காலில் வந்த புண் ஏறி இறந்துபோனார். டிசம்பர் தொடக்கத்திலேயே யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்குப் போய்விட்டது, ஊர்ச் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை.

ஏப்ரலில் தென்மராட்சிக்குள்ளும் இராணுவம் வந்தது. வன்னிக்குப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்த நேரம் அது. தாய் திரும்பலாம் என்றார். அவர் சொன்ன காரணம் எளிது: கிணறு இருக்கு, தோட்டம் இருக்கு, பத்திரம் அங்கே கிடக்கு.

வந்து பார்த்தால் வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை, ஆனால் சுவர் நிற்கிறது. பக்கத்து வளவுகள் மூன்றையும் சேர்த்து ஒரு முகாம். அதன் முள்ளுக்கம்பி இவர்களின் வளவுக்குக் குறுக்கால் ஓடியது. வீடு இந்தப் பக்கம். கிணறு அந்தப் பக்கம். குசினி யன்னலால் பார்த்தால் துவைக்கிற கல் தெரியும், அதில் ஒரு சிப்பாய் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருப்பார். இருபது அடி தூரம் இருக்காது.

மகன் அப்போது தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: "கிணத்தடியிலதானம்மா கிடக்கு. இவங்கள் எழும்பினாப் பிறகு கிண்டுவம்." கிழக்கா, மேற்கா, எவ்வளவு ஆழம் என்று தாய் கேட்கவில்லை. 22 வயது மகன் பக்கத்தில் நிற்கிறான், என்னத்துக்குக் கேட்பது?

1996 ஓகஸ்ட்

யூலை 4 நகரத்தில் அமைச்சர் ஒருவரைக் குறிவைத்துத் தற்கொலைத் தாக்குதல் நடந்தது, அதே மாதம் 18 முல்லைத்தீவு முகாம் விழுந்தது. அதற்குப் பிறகு சுற்றிவளைப்புக்கு நாளும் இல்லை நேரமும் இல்லை. அந்த ஒரு வருடத்தில் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டுத் திரும்பவில்லை. ஓகஸ்டில் ஒரு காலை தோட்டத்துக்குப் போன மகனும் அப்படித்தான். கோடு போட்ட சேட்டு, சாரம், கையில் மண்வெட்டி. மண்வெட்டி மட்டும் வீதிக்கரையில் கிடந்தது.

தாய் அலைந்ததை இங்கே நீட்டவில்லை, அந்தக் காலத்து எல்லாத் தாய்மாரும் அலைந்த அதே முகாம் வாசல்கள், அதே கச்சேரி வாங்கு. பதில் எங்கேயும் எழுத்தில் வரவில்லை. 1998இல் மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒரு சிப்பாய் செம்மணியில் முந்நூறு நாநூறு பேர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொல்ல, 1999இல் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். தாய் அங்கே போகவில்லை. "அவன் செத்தவங்களோட இல்லை" என்றார்.

ஆக, இடம் தெரிந்த இரண்டாவது ஆளும் போயாயிற்று.

ஒரு சொல்லில் விட்ட இடம்

அதே 1996 கடைசியில் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இலேயே துரத்தப்பட்ட ஒரு மனிதர், மனைவியும் மூன்று பிள்ளையுமாக வந்து, தோட்டத்தின் மேற்குத் தொங்கலில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பலாலியைச் சுற்றியிருந்த அவருடைய காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். தோட்டம் செய்ய ஆண்துணை இல்லாத வீடு. தாய் இரண்டு பரப்பை அவருக்கும், மிச்சத்தைக் குத்தகைக்கும் விட்டார். எழுத்து ஒன்றும் இல்லை. "இடம்பெயர்ந்த சனத்திட்ட எழுதித் தா எண்டு எப்பிடிக் கேக்கிறது?" என்று பிறகு என்னைக் கேட்டார். நியாயம்தான். ஆனால் சட்டத்துக்கு வெட்கம் தெரியாது.

2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது, செல் திரும்பவும் தென்மராட்சியில் விழுந்தது. 2002 பெப்ரவரி 22 யுத்த நிறுத்த ஒப்பந்தம், தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது, மூத்த மகள் கனடாவிலிருந்து வந்து போனார். அந்த நாலு வருடத்தில் யாரும் பத்திரத்தைப் பற்றி யோசிக்கவில்லை, முகாம்தான் அப்படியே இருந்ததே. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை, பாதை பூட்டு, அரிசிக்கு வரிசை. 2009 மே 18 முள்ளிவாய்க்காலோடு முடிந்தது. அங்கே போன உயிர்களை இங்கே ஒரு வரியில் சொல்வது சரியில்லை, அது வேறு ஆட்கள் எழுத வேண்டியது. இந்தக் குடும்பத்துக்கு அது என்னவாக வந்தது என்றால், மகன் வன்னிக்குத் தப்பிப்போயிருப்பான் என்று 13 வருடம் நம்பியிருந்த தாய், 2010 தொடக்கத்தில் பஸ் ஏறி யுத்தத்தில் தப்பி வந்த சனத்தை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமுக்குப் போய்ப் பெயர்ப் பட்டியல் தேடினார். இல்லை.

2011: என் கந்தோரில்

2011இல் முகாம் எழும்பியது. கிணற்றடிக்குப் போனார்கள். துவைக்கிற கல் இல்லை. பழைய கிணற்றடியை மூடிச் சீமெந்துத் தளம், மண் அணை தள்ளின இடம், பங்கருக்கு வெட்டி மூடின இடம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. அந்தக் கல்லைத் தவிர வேறு அடையாளம் யாருக்கும் தெரியாது. இரண்டு கூலியாட்களை வைத்து நாலு நாள் கிண்டினார்கள். பழைய துப்பாக்கிச் சன்னமும் ஒரு பீங்கான் கோப்பையும்தான் வந்தது.

அப்போதுதான் என்னிடம் வந்தார்கள். நான் பார்த்தது இது: தோட்டம் காணாமற்போன மகனின் பெயரில். மூல உறுதி இல்லை, இலக்கம் தெரியாது, எழுதிய நொத்தாரிசு உயிரோடு இல்லை. எங்கள் காணிப் பதிவகம் ஆளின் பெயரால் தேடுகிற இடமில்லை, காணிக்குரிய தொகுதியும் பக்கமும் தெரிந்தால்தான் ஏடு புரளும். மேற்கே ஒருவர் குடியிருக்கிறார். இளைய மகளுக்கு 31 வயது, கலியாணம் பேசியிருக்கிறது, தோட்டத்தில் பாதியை விற்க வேண்டும்.

நான் வேகமாகச் சொன்ன யோசனை: 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுங்கள், பிறகு வாரிசு உரிமையால் போகலாம். சட்டப்படி அது சரி. சொன்ன விதம்தான் பிழை. "அது ஒரு பேப்பர்தானே அம்மா" என்றேன். அவர் எழும்பிக் கைப்பையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "பேப்பர் எண்டா உங்கட பிள்ளைக்கு எடுங்கோ தம்பி." மூன்று வருடம் அவர் எங்கள் கந்தோருக்கு வரவில்லை. இளைய மகளின் கலியாணம் அக்கா அனுப்பிய காசில் நடந்தது, கடனோடு.

2014 முதல் 2019 வரை

2014இல் ஒரு நாள் எங்கள் கந்தோருக்கு ஒருவர் வந்து, பதினெட்டு வருடமாகத் தான் இருக்கும் காணிக்கு ஆட்சியுறுதி (நீண்டகாலம் ஆண்டதை வைத்து உரிமை சொல்லும் உறுதி) எழுத வேண்டும் என்றார். எல்லைகளைச் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிவிட்டது, அதே தோட்டத்தின் மேற்குத் தொங்கல். நாங்கள் எழுத முடியாது என்று திருப்பி அனுப்பினோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். அதில் தன் காணியும் போகிறது என்று கண்டபின், காலுக்குக் கீழே இருக்கும் நிலத்தையாவது பிடித்துவைப்போம் என்று வந்தவர். ஒருவரின் வேலியை ஒருவர் தள்ளுகிறார் என்று பார்த்தால் இது வேலிச் சண்டை. அவரை யார் தள்ளியது என்று பார்த்தால் வேறு.

இளைய மகளுக்கு அன்று இரவே தகவல் சொன்னேன். தாயும் வந்தார், பழையதை இருவரும் கதைக்கவில்லை. இந்த முறை முதலில் எடுத்த முடிவு, மகனின் சாவைத் தொடுவதில்லை. தாயின் சீவிய உரித்து உயிரோடு இருக்கிறது, அதை வைத்தே குத்தகை, வழக்கு, எல்லை எல்லாவற்றையும் நடத்தலாம். ஆனால் அதற்கும் உறுதியின் பிரதி வேண்டும்.

அதைத் தேடி ஒரு வருடம் வீணாக்கினோம். காலமான நொத்தாரிசின் கோவைகளைப் பின்தொடர்ந்தோம், பாதியில் நின்றது. திரும்பவும் கிணற்றடியைக் கிண்டினோம். கடைசியில் விடை எங்கே இருந்தது தெரியுமா, கனடாவில், ஸ்காபரோவில். மூத்த மகளின் புருசன் 1995இல் கொழும்புக்குப் போகும்போது சீதன உறுதியின் போட்டோப் பிரதியைப் பையில் கொண்டுபோயிருந்தார். அது 'அக்காவின் காணிப் பத்திரம்' என்பதால் யாருமே இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2015இல் அவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியதும் எனக்குக் கை நடுங்கியது. வளவும் தோட்டமும் ஒரே தாய்க்காணியிலிருந்து பிரிந்தவை. அட்டவணையில் தாய்க்காணியின் பெயர், முந்திய உறுதியின் இலக்கம், பதிவுத் தொகுதி, பக்கம் எல்லாம் இருந்தன. அந்தப் பக்கத்தைப் பதிவகத்தில் எடுத்துப் பார்த்தால், கீழே 1995இல் பதிந்த நன்கொடை உறுதி. 2016இல் அத்தாட்சிப் பிரதி கைக்கு வந்தது.

மேற்குத் தொங்கல் விடயத்தில் இரண்டு வழி இருந்தது. பத்து வருடம் ஆண்டால் உரித்து வரும் என்பது பழைய சட்டம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது, ஆனால் அது பேசுவது ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் உரிமையைக் கேட்க முடியாமற்போனவர்களைப் பற்றி. முள்ளுக்கம்பியும் சுற்றிவளைப்பும் அதற்குள் வருமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். சட்டத்தரணி அதை நம்பியிருக்க வேண்டாம் என்றார். மற்ற வழி, அவர் உத்தரவு கேட்டு வந்தவர் என்பதைக் காட்டுவது. உத்தரவோடு இருந்தவருக்கு எத்தனை வருடமானாலும் ஆட்சியுரித்து இல்லை. சாட்சிக்கு 80 வயதுக் குத்தகைக்காரர் ஒருவர் இருந்தார், அவர் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போகாமல் 2017இல் மத்தியஸ்த சபைக்குப் போனோம். முதல் அமர்வில் சத்தம். இரண்டாம் அமர்வில் தாய் அந்த மனிதரைப் பார்த்து, "நீங்கள் வந்தண்டைக்கு உங்கட சின்னவளுக்குக் காய்ச்சல், நான்தான் கொத்தமல்லி அவிச்சுத் தந்தனான்" என்றார். அவர் மனைவி அழத் தொடங்கிவிட்டார். அவர்களின் காணி விடுபடும்வரை இருக்கலாம், விடுபட்டு ஒரு வருடத்துக்குள் எழும்ப வேண்டும் என்று எழுதி ஒப்பமிட்டார்கள். 2018 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 683 ஏக்கர் விட்டபோது அவருடையதும் அதற்குள் வந்தது. 28 வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் பற்றை, கிணறு மட்டும் தூர்ந்துபோய்க் கிடந்தது. 2019 தைப்பொங்கலுக்கு அங்கே கொட்டிலில் பொங்கினார். காணி விடாமல் இருந்திருந்தால் எங்கள் ஒப்பந்தம் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நல்லதாக முடிந்திருக்காது.

அதே 2018இல் தாய் ஒரு விண்ணப்பத்துக்குச் சம்மதித்தார். மரணச் சான்றிதழ் இல்லை, 2016இல் சட்டத்துக்கு வந்த 'காணாமற்போனமைச் சான்றிதழ்'. காணாமற்போனவரின் சொத்தை மாவட்ட நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டுத் தற்காலிகமாகப் பார்க்க அது வழிவிடும், விற்க விடாது. இந்த முறை நான் 'பேப்பர்' என்ற சொல்லைப் பாவிக்கவில்லை, படிவத்தைத் தாய்க்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். "செத்தது எண்டு எங்கயும் இல்லைத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டார். 2019இல் சேவயர் புதிதாக அளந்து படம் கீறினார். உரிமையாளர் என்ற இடத்தில் மகனின் பெயர்.

ரின் 2020இல் கிடைத்தது. கழிப்பறைக் குழி வெட்டும்போது, நாங்கள் கிண்டிய எல்லா இடத்துக்கும் ஏழெட்டு அடி தள்ளி, பழைய சீமெந்துத் தளத்துக்குக் கீழே. துருப்பிடித்த ஒரு வளையமும் கறுத்த மண்கட்டியும். மெழுகு அப்படியே இருந்தது, அடிப்பக்கம்தான் ஓட்டை. உறுதி கூழ். துணியில் கீறின பழைய அளவைப் படத்தில் ஒரு மூலையும் கிணற்றின் வட்டமும் தெரிந்தது.

வேறு மாதிரிச் செய்திருந்தால்

புதைத்தது பிழையில்லை என்று முன்னமே சொன்னேன். பிழை, இடத்தை ஒரு கல்லை வைத்து அடையாளம் வைத்ததும், இரண்டு பேருக்குள் வைத்ததும். பத்திரத்தைவிட அதன் இலக்கம் பெரிது. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவுத் தொகுதி, பக்கம், இவ்வளவும் ஒரு கொப்பித் தாளில் அடங்கும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாலே 20 வருடம் மிஞ்சியிருக்கும். இப்போது யார் உறுதி முடித்தாலும் அந்த வரிகளை அவர்கள் கைப்பட எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன், சிரிக்கிறார்கள், எழுதுகிறார்கள்.

அடுத்தது என்னுடையது. தொலைந்த உறுதி என்று வந்தால் நாங்கள் அந்த ஒரு பத்திரத்தைத்தான் தேடுவோம். கூடப் பிரிந்த காணிகளின் பத்திரம் யாரிடம் என்று முதல் நாளே கேட்டிருந்தால் 2011லேயே முடிந்திருக்கும். சீவிய உரித்தும் 2011லேயே என் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும், மரணச் சான்றிதழைக் கேட்காமலே பாதி வேலை நடந்திருக்கும். பேச்சில் விட்ட இடத்துக்குத் துண்டு எழுதுவது பற்றி: தாய்க்கு அதைக் கேட்க வாய் வராதது எனக்கு விளங்குகிறது, அதனால் இப்படியான வேளையில் விதானையோ (கிராம அலுவலர்) கோயில் ஐயாவோ இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்று எழுதிவைத்தால் ஒருவருக்கும் முகம் சுளிக்காது என்று சொல்லி வருகிறேன்.

இப்போது

தாய் 2022இல் காலமானார். அதோடு சீவிய உரித்தும் முடிந்தது. இனித் தோட்டத்தைச் சகோதரிகள் எடுக்க வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ்தான் வழி. அக்கா சம்மதம், கனடாவிலிருந்து கையொப்பமும் அனுப்பிவிட்டார். தங்கை இன்னும் இல்லை.

2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் வேறு வேலைக்கு மண் எடுத்தபோது எலும்புகள் வந்தன, தோண்டத் தோண்ட நூற்றுக் கணக்கைத் தாண்டியது. ஓகஸ்ட் 5 அங்கே எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காண்பதற்குச் சனத்துக்குக் காட்டினார்கள். இளைய மகள் போனார். 30 வருடத்துக்கு முந்தி வெறுங்காலோடு நடந்த தாயின் பின்னால் அவர் சைக்கிள் தள்ளிக்கொண்டு போன அதே வீதி. கோடு போட்ட சேட்டைத் தேடினாராம். இருந்ததில் எதுவும் அண்ணனுடையது என்று சொல்ல முடியவில்லை.

வரும் வழியில் எங்கள் கந்தோருக்கு ஏறினார். தண்ணீர் குடித்தார். மேசை லாச்சிக்குள் இருக்கும் விண்ணப்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "அது கிடக்கட்டும் அண்ணை, நான் சொல்லேக்க எடுப்பம்." குத்தகைக்காரர் இந்தப் போகத்துக்கு வெங்காயம் நட்டிருக்கிறார்.